கேமராவும் அதன் துபாஷியும்

"அமெரிக்காவில் இருக்கிற பேரன் எனக்குப் பளிச்சென்று தெரிகிறான். அவனுக்கு மட்டும் நான் பனிமூட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரித் தெரிகிறேனாம்." எங்கள் காலை நடைக் குழுவில் இந்தப் புகாரைச் சொல்லாதவர் இல்லை. மூட்டுவலிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ரிப்பேர்க் கடையில் கேட்டால், லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "டிரைவர் பழசாயிருக்கும் சார், அப்டேட் பண்ணினா சரியாயிடும்" என்று பதில் வருகிறது. அப்டேட் செய்கிறோம். சில சமயம் சரியாகிறது. பல சமயம் படம் அப்படியே இருக்கிறது. இன்னும் சில சமயம் இருந்த படமும் போய்விடுகிறது.

இது ஏன் இப்படி என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்குச் சற்று மேற்பட்ட சரித்திரம்தான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் எது நிஜம், எது ஒப்புக்குச் சொன்னது என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் இந்த டிரைவர் யார் என்று பார்ப்போம். பெயரைக் கேட்டதும் நமக்குப் பஸ் ஓட்டுபவர் ஞாபகம் வருகிறது. என்னைக் கேட்டால் இவருக்குச் சரியான பெயர் துபாஷி. கம்பெனிக்காரன் காலத்தில் துரைக்குத் தமிழ் தெரியாது, நெசவாளருக்கு அவன் பாஷை தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த ஒருவர் நின்று வியாபாரத்தை நடத்திக்கொடுத்தார். புதுச்சேரியில் டூப்ளேயிடம் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நாம் அறிவோம். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் காலத்துச் சரித்திரத்தில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் நடுவில் நிற்கும் சின்ன மென்பொருள்தான் இந்த நவீன துபாஷி. கேமரா தன் பாஷையில் பேசும். விண்டோஸ் தன் பாஷையில் கேட்கும். துபாஷி இல்லையென்றால் எவ்வளவு உசத்தியான கேமராவும் ஊமைதான்.

உலகத்தின் முதல் வெப்கேமை ஒரு காபிப் பாத்திரத்தைப் பார்ப்பதற்காக வைத்தார்கள். பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் 'ட்ரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே ஒரே ஒரு காபி மேக்கர் இருந்தது. மற்ற மாடிகளில் இருந்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலி. வெறுத்துப்போய் குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதை நோக்கி ஒரு கேமராவை நிறுத்தினார்கள். 128-க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிஷத்துக்கு மூன்று படம்போல. அவரவர் மேஜையில் இருந்தபடியே காபி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். 1993-ல் அதை இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் அந்தக் காபிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2001 ஆகஸ்டில் கேமராவை அணைத்தபோது அந்தப் பாத்திரம் ஏலத்தில் 3,350 பவுனுக்குப் போனது. வாங்கியது ஜெர்மனியின் ஸ்பீகல் பத்திரிகையின் இணையப் பிரிவு. (டிகாஷனுக்கு இவ்வளவு மரியாதை கும்பகோணத்தில்கூடக் கிடைத்ததில்லை.)

இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டியது, அந்தக் கேமராவுக்கான மென்பொருளைக் கேமராவை நிறுத்தியவர்களே எழுதிக்கொண்டார்கள் என்பது. துபாஷியும் அவர்களே, துரையும் அவர்களே. ஆகவே பிரச்சினை இல்லை.

கடையில் வாங்கும் வெப்கேம் வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பம். 1994-ல் அமெரிக்காவில் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி 'குவிக்கேம்' என்ற கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டென்னிஸ் பந்து மாதிரி உருண்டை. விலை சுமார் 100 டாலர். முதலில் ஆப்பிள் மக்கின்டாஷுக்கு மட்டும். 320-க்கு 240 புள்ளிகள், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 16 சாயல்கள், நிறமே கிடையாது. அடுத்த வருஷம் விண்டோஸுக்கும் வந்தது. அதை எங்கே சொருகுவது? அப்போது யூ.எஸ்.பி. இல்லை. ஆகவே பிரிண்டர் சொருகும் இடத்தில் சொருகினார்கள். 1998-ல் குவிக்கேம் வியாபாரத்தை லாஜிடெக் 25 மில்லியன் டாலருக்கு வாங்கியது.

யூ.எஸ்.பி. வந்ததும் எல்லாம் எளிதாகியிருக்கவேண்டும். ஆகவில்லை. காரணம் ஒரு சின்னக் கணக்கு. நம்மில் பலர் மனக்கணக்குத் தலைமுறைதானே, போட்டுப் பாருங்கள். 640-க்கு 480 என்றால் ஒரு படத்தில் 3,07,200 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட். விநாடிக்கு 30 படம். ஒரு பைட்டுக்கு 8 பிட். பெருக்கினால் விநாடிக்கு ஏறக்குறைய 14.7 கோடி பிட் வருகிறது. ஆனால் அன்றைய யூ.எஸ்.பி. குழாயில் போகக்கூடியது விநாடிக்கு 1.2 கோடி பிட்தான். அதாவது பன்னிரண்டு குடம் தண்ணீரை ஒரு குடம் போகும் குழாயில் அனுப்பவேண்டும்!

என்ன செய்தார்கள்? கேமராவுக்குள்ளேயே படத்தைச் சுருக்கி அனுப்பினார்கள். இந்தப் பக்கம் டிரைவர் அதை விரித்துக்கொடுத்தது. இதுவரை நியாயம்தான். ஆனால் எப்படிச் சுருக்குவது என்பதில் ஒவ்வொரு சிப் தயாரிப்பாளரும் ஒரு முறை வைத்துக்கொண்டார். அதை வெளியே சொல்லவும் மாட்டார். தொழில் ரகசியம். ஆக ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு தனி பாஷை, ஒரு தனி துபாஷி. அந்தத் துபாஷியும் கேமராவோடு வந்த சி.டி.யில்தான் குடியிருப்பார். சி.டி. கீறல் விழுந்தாலும், கம்பெனி கடையை மூடினாலும், விண்டோஸ் மாறினாலும் கேமரா கதை முடிந்தது.

எனக்கே இது நடந்தது. 2005 வாக்கில் சென்னை ரிச்சி தெருவில் உருண்டையான ஒரு வெப்கேம் வாங்கினேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அந்த விலைக்கு நல்ல கேமரா. லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருகி ஃபோகஸ் செய்யலாம். பெரிய பெண் பிரசவத்துக்குப் பிறகு வெளிநாட்டில் இருந்த ஒன்றரை வருஷமும் என் மனைவி குழந்தையைப் பார்த்தது அதன் வழியாகத்தான். பிறகு விஸ்டா போட்ட கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. கேமராவைச் சொருகினால் 'அறியாத சாதனம்' என்று ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறி. சி.டி.யைப் போட்டால் இந்த விண்டோஸுக்கு இது ஆகாது என்றது. கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் பெயரே இல்லை. லென்ஸில் ஒரு கீறல் கிடையாது, ஒயரில் ஒரு வெடிப்பு கிடையாது. ஆனால் செத்த கேமரா.

2007 ஜனவரியில் விஸ்டா வந்தபோது உலகம் முழுவதும் இதே கதைதான். எக்ஸ்.பி.க்கு எழுதப்பட்ட டிரைவர்களில் நிறைய அதில் ஓடவில்லை. 64 பிட் விஸ்டாவில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். 32 பிட் டிரைவர் வேலைக்காகாது. 64 பிட்டுக்கு எழுதியதும் முறைப்படி கையொப்பமிட்டதாக இருந்தால்தான் உள்ளே விடும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், மறுக்கமாட்டேன். ஆனால் பழைய கேமராவுக்குப் புதிதாக டிரைவர் எழுத எந்தக் கம்பெனி பணம் செலவழிக்கும்? புதுக் கேமரா வாங்கிக்கொள் என்று சொல்வது அவர்களுக்கு லாபம்.

அதே வருஷங்களில் லினக்ஸ் உலகத்தில் நடந்ததை நான் மிக மதிக்கிறேன். அங்கே கம்பெனிகள் டிரைவரே கொடுக்கவில்லை. ஃபிலிப்ஸ் கேமராக்களுக்கு ஒருவர் எழுதிக்கொடுத்தார். நல்ல கேமராக்கள் அவை. ஃபிலிப்ஸின் 'டூகேம்' என்ற சாதாரண வெப்கேமைத் தொலைநோக்கியில் பொருத்தி வியாழனையும் சனியின் வளையங்களையும் அற்புதமாகப் படம் எடுத்தார்கள் அமெச்சூர் வானியலாளர்கள். ஆனால் படத்தை விரிக்கும் பகுதி மட்டும் கம்பெனியின் ரகசியம். அதை மூடிய பெட்டியாகத்தான் கொடுக்க முடியும் என்று எழுதியவர் கையைக் கட்டிவைத்திருந்தார்கள். லினக்ஸின் கர்னலில் மூடிய பெட்டிக்கு இடமில்லை என்று 2004-ல் அந்த இணைப்பை எடுத்துவிட்டார்கள். எழுதியவர் கோபித்துக்கொண்டு, அப்படியானால் என் டிரைவர் முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தும்விட்டார்கள். பிறகு லுக் சையார் என்பவர் அந்த மூடிய பெட்டியை ஆராய்ந்து அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்து, திறந்த டிரைவராக மறுபடி எழுதினார். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் விவாதிக்கலாம். கொள்கை பெரிதா, ஓடுகிற கேமரா பெரிதா? நான் கேமரா பக்கம்.

இன்னொருவர் மிஷேல் ஹார். பிரான்ஸ் தேசத்து மருத்துவர். மென்பொருள் அவருக்குத் தொழில் அல்ல. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில், கேமராக்கள் யூ.எஸ்.பி. வழியாக என்ன பேசுகின்றன என்று ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டு, 200-க்கும் மேற்பட்ட வெப்கேம்களுக்கு வேலை செய்யும் டிரைவரை எழுதிவைத்தார். ஒரே துபாஷி, இருநூறு பாஷை! காசு வாங்கவில்லை. அவர் எழுதியதை வேறு சிலர் செப்பனிட்டு 2008-ல் லினக்ஸ் கர்னலிலேயே சேர்த்தார்கள். ரிட்டயர் ஆனபின் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் இவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அவர் இதை ரிட்டயர் ஆகாமலே செய்தார் என்பது வேறு விஷயம்.

இந்தப் பாபேல் கோபுரத்துக்கு முடிவு கட்டியது ஒரு பொது பாஷை. யூ.எஸ்.பி.யின் இரண்டாம் பதிப்பு 2000-ல் வந்தது. குழாய் 48 கோடி பிட் அளவுக்குப் பெரிதானது. சுருக்கும் நிர்ப்பந்தம் குறைந்ததும் கம்பெனிகள் ஒரு மேஜைக்கு வந்தன. 2003-ல் யூ.எஸ்.பி. வீடியோ கிளாஸ், சுருக்கமாக யூ.வி.சி., என்ற பொது விதி வெளியானது. கேமரா இந்த விதிப்படி பேசினால் போதும். அதைத் தயாரித்தவர் யாரானாலும் விண்டோஸில் இருக்கும் ஒரே பொதுத் துபாஷி அதைப் புரிந்துகொள்வார். சி.டி. வேண்டாம். எக்ஸ்.பி.யின் இரண்டாம் சர்வீஸ் பேக்கில் 2004-லேயே அந்தத் துபாஷி வந்துவிட்டார். 2008-ல் லோரான் பின்ஷார் எழுதியது லினக்ஸ் கர்னலில் சேர்ந்தது. இன்று நம் லேப்டாப் மூடியில் இருக்கும் கேமராக்களில் பெரும்பாலானவை இந்தப் பொது பாஷைதான் பேசுகின்றன. மூடிக்குள்ளே பார்த்தால் அதுவும் யூ.எஸ்.பி. ஒயரில் சொருகிய கேமராதான், நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது கடைக்காரர் சொல்லும் 'பழசு' விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கேமராஸ் என்ற இடத்தில் உங்கள் கேமராவின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், டிரைவர் என்று போய்ப் பாருங்கள். டிரைவர் தேதி 21-6-2006 என்று இருக்கலாம். பார்த்ததும் தூக்கிவாரிப்போடும். போன வருஷம் வாங்கிய லேப்டாப்பில் இருபது வருஷத்துக்கு முந்தைய டிரைவரா? ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அந்தத் தேதி வேண்டுமென்றே போடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் மூத்த புரோகிராமர் ரேமண்ட் சென் இதை விளக்கி எழுதியிருக்கிறார். ஒரே சாதனத்துக்குச் சமமாகப் பொருந்தும் இரண்டு டிரைவர்கள் இருந்தால், விண்டோஸ் எது புதிய தேதியோ அதை எடுத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் பொது டிரைவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுத் தேதி போட்டால், கேமராக் கம்பெனி அக்கறையாக எழுதிக்கொடுத்த டிரைவரைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துவிடும். ஆகவே தன்னுடையதற்கெல்லாம் விஸ்டா காலத்துத் தேதியையே போட்டுவைத்து, கம்பெனியாருக்கு வழிவிடுகிறது. பந்தியில் வீட்டுக்காரர் கடைசியில் உட்காருகிற மாதிரி. உள்ளே இருக்கும் மென்பொருள் புதிதுதான், பக்கத்தில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்தால் தெரியும். இன்டெல் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போய்த் தன் சில டிரைவர்களுக்கு 18-7-1968 என்று தேதி போட்டிருக்கிறது. அது இன்டெல் பிறந்த நாள்.

இந்தத் தேதியைக் காட்டித்தான் சில பேர் பிழைப்பு நடத்துகிறார்கள். இணையத்தில் எதையோ தேடும்போது, "உங்கள் கம்ப்யூட்டரில் 23 டிரைவர்கள் காலாவதி" என்று சிவப்பு எழுத்தில் ஒன்று குதிக்கும். வருஷத்துக்கு இவ்வளவு கட்டினால் எல்லாவற்றையும் புதுப்பிக்கிறோம் என்னும். தயவுசெய்து தொடாதீர்கள். டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் தயாரித்த கம்பெனியின் சொந்த இணையதளம், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட். மூன்றாவது ஆள் வேண்டாம். துபாஷி என்று சொல்லிக்கொண்டு வந்து கஜானாவைக் காலி செய்தவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு.

புதிது என்றால் நல்லது என்றும் எண்ணவேண்டாம். 2016 ஆகஸ்ட் 2-ம் தேதி விண்டோஸ் 10-க்கு 'ஆனிவர்சரி அப்டேட்' என்று ஒன்று வந்தது. மறுநாளிலிருந்து நல்ல, விலை உயர்ந்த வெப்கேம்களெல்லாம் ஒரு நிமிஷம் ஓடிவிட்டு உறைந்துபோயின. நடந்தது இதுதான். 1280-க்கு 720 என்ற அளவில் விநாடிக்கு 30 படம் என்றால் சுருக்காமல் 44 கோடி பிட் ஆகிறது. 48 கோடிக் குழாயிலும் நடைமுறையில் அது போகாது. ஆகவே பெரிய படம் அனுப்பும் கேமராக்கள், பொது விதியிலேயே அனுமதித்த முறைகளில், மறுபடி சுருக்கித்தான் அனுப்பின. மைக்ரோசாஃப்ட் ஒரே கேமராவை இரண்டு மூன்று மென்பொருள்கள் ஒரே சமயத்தில் பார்க்கும்படி ஒரு வசதி செய்யப்போய், அந்தச் சுருக்கிய படங்களை மென்பொருள்களுக்கு நேராகக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஸ்கைப் முதலானவை திணறிவிட்டன. கூச்சல் எழுந்து, அதைச் சரிசெய்ய ஒரு அப்டேட் வருவதற்குச் சில வாரங்கள் ஆயின. கேமராவிலும் குற்றமில்லை, கம்பெனியின் டிரைவரிலும் குற்றமில்லை. அந்த வாரங்களில் எத்தனை பேர் நல்ல கேமராவைத் தூக்கிப்போட்டிருப்பார்களோ!

சரி, துபாஷி சரியாக இருக்கிறார். அப்படியும் படம் ஏன் மங்கல்? இங்கேதான் டிரைவரை விட்டுவிட்டு மூடியைப் பார்க்கவேண்டும்.

லேப்டாப்பில் கேமராவை முதலில் வைத்தவர்களில் சோனி முக்கியமானது. 1998-ல் வந்த அதன் வையோ சி1 என்ற குட்டி லேப்டாப்பில் திரைக்கு மேலே சுழலும் கேமரா இருந்தது. நன்றாகத் தடித்த கேமரா. பிறகு லேப்டாப்புகள் மெலிய ஆரம்பித்தன. லென்ஸுக்கும் அதன் பின்னால் ஒளியை வாங்கும் சென்சாருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அந்த ஆழம் குறைந்தால் சென்சாரையும் சின்னதாக்கவேண்டும். சின்ன சென்சார் என்றால் அதில் விழும் ஒளியும் கொஞ்சம். செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு போனின் முழுத் தடிமனும் கிடைக்கிறது. லேப்டாப் கேமராவுக்குக் கிடைப்பது அப்பள மாதிரி இருக்கும் மூடியின் தடிமன் மட்டும். போனில் படத்தைத் திருத்தும் சிப்பும் உசத்தி. பேரன் பளிச்சென்று தெரிவதற்கு அவன் போனில் பேசுவதுதான் காரணமாக இருக்கும்.

மெலிவு மோகம் எவ்வளவு தூரம் போனது பாருங்கள். ஆப்பிளின் மேக்புக் ப்ரோவில் 2011-லேயே 720 வரிக் கேமரா வந்துவிட்டது. 2015-ல் அதே ஆப்பிள் வெளியிட்ட 12 அங்குல மேக்புக்கில் கேமரா 480 வரிக்கு இறங்கியது. மூடி அவ்வளவு மெல்லிசு. அதே வருஷம் டெல்லின் எக்ஸ்.பி.எஸ். 13-ல் திரையைச் சுற்றியிருக்கும் சட்டத்தைச் சன்னமாக்கியதில் மேலே கேமராவுக்கு இடமில்லாமல் திரைக்குக் கீழே வைத்துவிட்டார்கள். பேசுகிறவரின் மூக்குத் துவாரம்தான் எதிராளிக்கு முதலில் தெரியும். டைப் அடித்தால் விரல்கள் பூதாகாரமாகத் தெரியும். 2019-ல்தான் கேமரா மறுபடி மேலே ஏறியது. வாங்குபவர் யாரும் கேமராவைப் பார்த்து லேப்டாப் வாங்கவில்லை, ஆகவே யாரும் அதற்குச் செலவழிக்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லோரும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் ஒருவரையொருவர் பார்க்கமுடியும் என்ற நிலை வந்த பிறகே இந்த அலட்சியம் கம்பெனிகளுக்கு உறைத்தது. மேக்புக் ப்ரோவுக்கு 1080 வரிக் கேமரா 2021-ல் கிடைத்தது. பத்து வருஷம்.

ஆகவே அதற்கு முன் வாங்கிய லேப்டாப்பில் எந்த டிரைவரைப் போட்டாலும் சென்சார் பெரிதாகப் போவதில்லை. அதற்குத் தேவை வெளிச்சம். வெளிச்சம் போதவில்லை என்றால் கேமரா கிடைத்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டும். அப்போது புள்ளி புள்ளியாக இரைச்சலும் பெருகும். அந்தப் புள்ளிகளை அழிக்கப் போய் முகத்தின் நுணுக்கமும் அழிந்து மெழுகுபொம்மை மாதிரி ஆகிவிடும். பனிமூட்டம் என்று நண்பர் சொன்னது இதைத்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராமல் முகத்தைக் காட்டி உட்காருங்கள். ராத்திரியானால் லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு விளக்கு. லென்ஸின் மேல் இருக்கும் விரல் எண்ணெயையும் மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்துவிடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு கோளாறும் இருக்கிறது. படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று, நமக்கு 50. பழைய சோக் வைத்த டியூப்லைட் இங்கே விநாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். அது 60 என்று நினைத்துக்கொண்டு படம் பிடித்தால் தாளம் தப்பிப் பட்டை விழும். இதற்கான திருத்தம் யூ.வி.சி. விதியிலேயே இருக்கிறது. கேமரா மென்பொருளின் செட்டிங்கில் ஃப்ளிக்கர் அல்லது பவர்லைன் ஃப்ரீக்வென்சி என்று இருக்குமிடத்தில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பட்டை போய்விடும்.

ஒரு சோதனையும் செய்துவிடுங்கள். யாரையும் கூப்பிடாமல், விண்டோஸில் இருக்கும் கேமரா செயலியை மட்டும் திறந்து உங்களை நீங்களே பாருங்கள். அதில் நன்றாகத் தெரிந்து, பேசும்போது மட்டும் மங்கினால் தப்பு இணைய வேகத்தில். அதிலும் மங்கினால் வெளிச்சத்திலோ சென்சாரிலோ. படமே வரவில்லை, மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கிறது, அல்லது போன அப்டேட்டுக்குப் பிறகு கெட்டுப்போனது என்றால்தான் டிரைவர். (மூடியில் கேமராவை மறைக்கும் சின்னத் தள்ளுக்கதவு இருந்தால் அது திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்கவும்.) டிவைஸ் மேனேஜரில் அதே டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக்' என்ற பொத்தான் அழுத்தும்படி இருந்தால் பழைய துபாஷியைத் திரும்பக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் அப்டேட் டிரைவர் என்பதில், கம்ப்யூட்டரிலேயே தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று போய், 'யூ.எஸ்.பி. வீடியோ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் 2006 தேதி போட்ட பொதுத் துபாஷி. கம்பெனி டிரைவர் மக்கர் செய்யும்போது இவர் பல தடவை காப்பாற்றியிருக்கிறார். எங்கள் குழுவில் மட்டும் நான்கு லேப்டாப்.

என் உருண்டைக் கேமரா ரொம்ப நாள் பரணில் கிடந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோகிறது என்றானபோது, பழைய லேப்டாப் ஒன்றில் தம்பி பையன் லினக்ஸ் போட்டுக்கொடுத்தான். சும்மா இருக்கட்டும் என்று அந்தக் கேமராவை எடுத்துச் சொருகினேன். சி.டி. கேட்கவில்லை, ஆச்சரியக்குறி இல்லை. மனைவியின் முகம் திரையில் வந்தது, 640-க்கு 480-ல், கொஞ்சம் நீலம் பூத்து. அந்த பிரெஞ்சு டாக்டரின் டிரைவர் இன்னமும் லினக்ஸ் கர்னலுக்குள் இருக்கிறது.

பிரிண்டர் டிரைவர் பற்றியும் எழுதும்படி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது இதைவிடப் பெரிய ரோதனை. இன்னொரு நாள் பார்ப்போம்.